விட்டுப்போன முனை

ஜூலை 1, செவ்வாய்

இந்த டைரியைக் கம்பெனியில் சிந்துஜா மேடம் கொடுத்தாள். மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் என் மகளைவிடச் சின்னப் பெண். எங்களுக்குப் பாடம் நடத்துவதற்கென்றே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அட்டையில் கம்பெனி பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. உள்ளே போன வருடத்துத் தேதி. யாருக்கோ கொடுத்து மிச்சமானது போல. கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொண்டேன்.

தினமும் சொல்லித்தரும் இங்கிலீஷ் வார்த்தையையும் அன்றைக்கு நடந்ததையும் எழுத வேண்டுமாம். நான் மூலனூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. வாக்கப்பட்டுத் திருப்பூர் வந்த பிறகு மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகினேன். மகள் கட்டிக்கொண்டு ஈரோடு போய்விட்டாள். எழுத்து மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

பெயர் எழுத மறந்துவிட்டேன். மயிலாத்தாள். மூன்றாவது லைனில் லேபிள் வைக்கிற டெய்லர்.

இன்றைய வார்த்தை கம்ப்ளீட். இது எனக்கு முன்பே தெரியும். எங்கள் சூப்பர்வைசர் தண்டபாணி தம்பி சாயங்காலம் ஆனால் கம்ப்ளீட்டா, கம்ப்ளீட்டா என்று கேட்டுக்கொண்டே லைன் நெடுக நடப்பான். எங்கள் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆள் குடித்துவிட்டுக் கிடந்தால் கம்ப்ளீட் ஆயிட்டான் என்பார். அதைச் சொன்னேன். சிந்துஜா மேடம் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

இன்றைக்கு தரோ. ஒரு வேலையை ஓரம் முதல் ஓரம் வரை, உள்ளும் வெளியும், மிச்சம் வைக்காமல் செய்தால் தரோவாம். மேடம் எவ்வளவு சொல்லியும் பெண்கள் விழித்தார்கள். எனக்குத் தப்புக்கடலை ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் நிலக்கடலை பிடுங்கி முடிந்ததும் காட்டுக்காரர் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் கொத்து எடுத்துக்கொண்டு இறங்குவோம். மண்ணுக்குள் அறுந்து நின்ற காயெல்லாம் எடுக்கிறவர்களுக்கு. முடிந்துபோன காட்டில் மடி நிறைய வரும். எங்கள் அம்மா ஒரு பாத்தியைத் தேடிவிட்டு எழுந்தால் அதில் காக்காய்க்குக்கூட ஒன்று கிடைக்காது. அதனால் தரோ என்றால் எங்கள் அம்மா என்றேன். மேடம் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டாள்.

அடுத்து மெட்டிகுலஸ் என்று ஒன்று, பொடிசைக்கூட விடாமல் பார்ப்பதாம். அது ஈருளி. சீப்புக்குத் தப்பிய ஈரும் அதற்குத் தப்பாது. இதற்கும் சிரித்தார்கள். செக்கிங்கில் இருக்கிற கோகிலா தன் தலையைச் சொறிந்து காட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் மேடம் என்னை நிறுத்தினாள். அடுத்த வியாழக்கிழமை துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வருகிறாள். லைனில் ஒரு ஆள் அவளிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். அது நான்தானாம். ஏன் நான் என்று கேட்டேன். உங்கள் கையில் ஊசித்துண்டு காணாமல் போனதே கிடையாது, அதனால் நீங்கள்தான் என்றாள்.

கம்பெனிக்கு வராதவர்களுக்கு இது புரியாது. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி ஸ்டோர் ஜன்னலில் இருக்கிற ராயப்பன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் உள்ளங்கையில் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார். முழு ஊசி வந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். சுற்றியிருக்கிற துணியெல்லாம் பிரிக்கப்படும். நாங்கள் தைப்பது பச்சைக் குழந்தைகளுக்கு.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது தரோ, மெட்டிகுலஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஏம்புள்ள, யாருக்குச் செய்வினை வைக்கிற என்றார் வீட்டுக்காரர்.

ஜூலை 4, வெள்ளி

கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. வார்த்தை என்டயர், முழுசும் என்று அர்த்தம்.

இந்த வாரம் போகிறது ரோம்பர். சட்டையும் டவுசரும் ஒன்றாய் ஒட்டினது, கால் நடுவில் இரும்புப் பட்டன் வரும். வழக்கமாக லேபிள் வைத்து, ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் விட்டு, அப்புறம்தான் பட்டன் அடிப்பார்கள். இந்தத் தடவை லேபிள் வந்து சேரத் தாமதம். பட்டன் அடித்த துணிதான் என் மேஜைக்கு வருகிறது. பட்டன் இருந்தால் அந்த மெஷின் எல்லாத் துணிக்கும் கத்தும். அதனால் லேபிள் வைத்த பிறகு கையால் தடவிப் பார்த்துத்தான் விட வேண்டும். அது கோகிலா வேலை.

காலை டீக்கு முன்னால் ஊசி உடைந்தது. துண்டுகளை ராயப்பன் அண்ணனிடம் கொடுத்தேன். புது ஊசி வாங்கி வந்து தைத்தேன்.

மத்தியானம் கோகிலா புளிச்சாதம் கொண்டுவந்திருந்தாள். அவள் வேடசந்தூர்க்காரி, புளியில் வெல்லம் போடுவாள். எனக்கு ஆகாது, ஆனாலும் இன்றைக்கு இரண்டு கை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் கீழே காப்பகத்துக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். ஏழு மாதக் குழந்தை. வெண்ணிலா என்று பெயர். கம்பெனியில் காப்பகம் இருப்பதால்தான் அவள் வேலைக்கு வர முடிகிறது. புருஷன் போனவன் போனவன்தான்.

ராயப்பன் அண்ணன் நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே துண்டுகளைப் பார்ப்பார். நம்பிக்கைக்கு வேறு என்ன வேண்டும்.

ஜூலை 5, சனி

விசேஷம் இல்லை. சாயங்காலம் என் மெஷினுக்கு அடியில் நானே பெருக்கினேன். தன் வேலையை நான் பிடுங்குவதாகப் பெருக்குகிற அம்மாவுக்குக் கோபம்.

ஜூலை 6, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். வெள்ளிக்கிழமை கட்டியிருந்த சேலையை நனைப்பதற்கு முன் விரித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து உதறினேன். கொண்டையில் இருந்த பின்னை எடுத்துத் தலையைச் சீவி, சீப்பையும் பார்த்தேன்.

எதைத் தொலைத்தாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். எதையும் இல்லை என்றேன். கால் பவுன் கம்மலைத் தொலைத்த அன்றைக்குக்கூட நீ இப்படித் தேடவில்லை என்றார். அந்தக் கம்மல் கதை பெரிய கதை. கடைசியில் அது மாட்டுத் தவிட்டுக்குள் கிடந்தது. மாடு தின்னாமல் ஒதுக்கி வைத்திருந்தது. மாட்டுக்கு நாக்கு இருக்கிறது. தின்னக்கூடாததை ஒதுக்கத் தெரியும்.

குழந்தைக்கு என்ன தெரியும்.

ஜூலை 7, திங்கள்

சாப்பிடும்போது கோகிலா தானாக ஆரம்பித்தாள். நாள் முழுக்க தடவித் தடவி விரல் மரத்துப்போகிறதாம். எனக்காவது மூன்றாவது லைன் இருக்கிறது, மற்ற செக்கிங் பிள்ளைகள் பாவம் என்றாள். மூன்றாவது லைனில் என்ன என்று கேட்டேன்.

"நீங்கதான்க்கா. உங்க பண்டல்னா நான் கண்ண மூடிட்டு ஓகே ஸ்டிக்கர் ஒட்டிருவேன். அந்த நேரத்துலதான் ஓடிப்போயி பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றது."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் டப்பாவை மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஊசி மூன்றாய் உடைந்தது. மேல்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு மேஜையில் கிடந்தது. முனை கிடைக்கவில்லை. மெஷினில் ஒட்டியிருக்கிற காந்தத்தில் ஒரு பழைய முனை இருந்தது. போன மாதம் மெஷினுக்கு எண்ணெய் போடும்போது அடியில் கிடந்து எடுத்தது. முன்னே யாரோ உட்கார்ந்திருந்தபோது உடைந்ததாக இருக்கும். அப்போதே ஜன்னலில் கொடுத்திருக்க வேண்டும். மறந்து ஒட்டி வைத்திருந்தேன்.

அதைச் சேர்த்துக் கொடுத்தேன். ராயப்பன் அண்ணன் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "மயிலக்காவா, சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை அந்த அம்மா வருகிறாள், லைனை நிறுத்தினால் சிந்துஜா மேடம் முகம் வாடிவிடுமே என்றுதான் செய்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் சொன்ன வார்த்தையை எழுதவில்லை. தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்

நேற்று எழுதாமல் விட்ட வார்த்தை எக்ஸாஸ்டிவ். இனித் தேட ஒன்றும் மிச்சமில்லை என்கிற அளவுக்குத் தேடுவதாம். நேற்று அதைச் சொல்லும்போது மேடம் என்னைத்தான் பார்த்தாள், நான் இதற்கும் ஊர்க்கதை சொல்வேன் என்று. எனக்கு ஒன்றும் வரவில்லை.

முந்தாநாள் எழுதியதையும் திருத்த வேண்டும். மேடம் முகம் வாடும் என்பது பொய். அந்த வெளிநாட்டு அம்மா முன்னால் நின்று ஆடு மேய்த்தவள் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன். மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன்.

இன்று கோகிலாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைப் பண்டலைத் தடவிப் பார்த்தாயா என்று கேட்டேன். சுவரில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் தன் செக்கிங் நம்பர் இருக்கிறது என்றாள். துணி வெளிநாடு போய் ஏதாவது ஆனால் அந்த நம்பர்தான் முதலில் பேசும். இவள் முன்பு வேலை செய்த கம்பெனியில் ஒருத்தியைச் சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பினார்களாம்.

"சொல்லிரலாமா கோகிலா?"

"சொன்னா எனக்கும் போயிரும்க்கா. காப்பகமும் போயிரும். பிள்ளைய எங்க போடுவேன்?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுக்காகப் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

இப்படி எழுதிவிட்டுப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்காக.

ஜூலை 10, வியாழன்

அந்த அம்மா வந்தாள். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். முடி நம் ஊர்ச் சோளத்தட்டு நிறம். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். நான் அரக்குச் சேலையில் இருந்தேன்.

ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சிந்துஜா மேடம் தமிழில் சொல்வதற்குள் எனக்கே புரிந்தது. வி சர்ச் கம்ப்ளீட் என்றேன். தரோ என்றேன். என்டயர் லைன் என்றேன். மெட்டிகுலஸ் என்றபோது அந்த அம்மா புருவத்தை உயர்த்திச் சிரித்துக் கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். ஒரு வார்த்தைகூட தடுக்கவில்லை. ஒருவாரம் முன்னால் தடுக்கிக்கொண்டே இருந்த நாக்கு, இன்றைக்குப் பொய் சொல்லும்போது அப்படி ஓடுகிறது.

பிறகு மேஜையிலிருந்து ஒரு ரோம்பரை எடுத்தாள். சின்ன சைஸ். லேபிள் இருக்கிற கழுத்துப் பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். குழந்தைத் துணியை வாங்குகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் போல. அது இன்றைக்குத் தைத்த துணி. தெரிந்தும் என் கை அவள் கையைத் தட்டிவிடப் போனது. பிடித்துக்கொண்டேன்.

திரும்பினால் செக்கிங் மேஜையில் கோகிலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை.

மகளுக்கு வீடியோ போய்விட்டது. அம்மா கலக்கிட்ட என்று பதில் வந்திருக்கிறது.

பெட்டிகளை ஏற்ற லாரி சனிக்கிழமை வருகிறது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் மெஷினைப் போடுவதற்கு முன்னால் தண்டபாணி தம்பியிடம் போய்ச் சொன்னேன். கோகிலாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அவளுக்காக என்று ஆரம்பித்துவிடுவேன்.

அவன் கோபித்துக் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, "ஏனுங்க்கா, நீங்களா?" என்றான். அவ்வளவுதான். அதற்கு அவன் கத்தியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

"கோகிலா நல்லாத்தான் பாத்தா தம்பி. அது பொடி முனை. கைக்குத் தட்டுப்படாது."

லைன் நின்றது. கட்டி வைத்திருந்த பெட்டிகளில் போன வெள்ளிக்கிழமைத் துணி இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். பெரிய மேஜையில் வெள்ளைத்துணி விரித்து ஒவ்வொன்றாகத் திருப்பித் தடவச் சொன்னார்கள். செக்கிங் பிள்ளைகள் ஒரு பக்கம், லைன் டெய்லர்கள் ஒரு பக்கம். மெஷின் ஓடாத கம்பெனி எவ்வளவு பெரியது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. தப்புக்கடலை பொறுக்குகிற காட்டில்கூட ஒரு பாட்டு இருக்கும், ஒரு வசவு இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோகிலா ஸ் என்று கையை இழுத்தாள். முனை கழுத்து லேபிள் மடிப்பில் இருந்தது. குழந்தையின் பிடரி படுகிற இடம். அவள் விரலில் பொட்டு மாதிரி ரத்தம். துணியின் சைஸைப் பார்த்தேன். அவள் வீட்டுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும்.

ராயப்பன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, அன்றைக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு துண்டோடு இதையும் உள்ளங்கையில் சேர்த்தார். முழு ஊசி. நான் கொடுத்திருந்த பழைய முனை தனியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

தண்டபாணி தம்பி பெருமூச்சு விட்டான். கிடைத்துவிட்டது, போதும், இவ்வளவு பொடியாக இருந்தால் யார் கைக்கும் தப்பத்தான் செய்யும் என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தோடு முடிந்திருக்கும். என் ஒருத்தி தலையோடு முடிந்திருக்கும்.

கோகிலா விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தப்பாது சார். தொட்டதும் குத்துச்சு. இந்தப் பண்டல நான் தொடவே இல்ல. அக்கா தச்சதுன்னு அப்பிடியே ஸ்டிக்கர் ஒட்டி விட்டுட்டேன்."

யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். அவள் பார்த்தாள் என்று நான் சொல்லியிருந்தது தண்டபாணி தம்பிக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவன் என் பக்கம் திரும்பினான். நான் வெள்ளைத்துணியைப் பார்த்தேன்.

சிந்துஜா மேடம் கதவருகே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

ஜூலை 12, சனி

லாரி வந்து காத்திருந்து போனது. மற்ற நாள் துணியையும் திரும்பத் தடவச் சொல்லிவிட்டார்கள்.

என்னை மெஷினிலிருந்து எழுப்பி நூல் பிசிர் வெட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். நானாக வந்து சொன்னதால் இதோடு விட்டதாகத் தண்டபாணி தம்பி சொன்னான். கோகிலாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டியதற்கு அதுதான் சட்டமாம். அவளும்தான் தானாகச் சொன்னாள் என்றேன். அவன் லைனைப் பார்க்கப் போய்விட்டான்.

காப்பகத்து ஆயா வெண்ணிலாவின் தூளித்துணியை மடித்துக் கோகிலாவின் பையில் வைத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

சிந்துஜா மேடம் வகுப்பு. என்னை ஒன்றும் கேட்கவில்லை. பலகையில் பழைய வார்த்தைகளை எழுதிப் படிக்கச் சொன்னாள். எல்லாரும் சேர்ந்து படித்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

மகள் போன் செய்து, அந்த வீடியோவை மாமியார் வீட்டில் எல்லாருக்கும் காட்டியதாகச் சொன்னாள். அழித்துவிடு என்றேன். ஏன் என்று கேட்டாள். சேலை சரியாக இல்லை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டு மெஷினில் ஒரு கவுன் தைத்தேன். கட்பீஸ் துணி, மஞ்சளில் வெள்ளைப் பூ. பட்டன் வைக்கவில்லை, முடிச்சுப் போடுகிற கயிறு வைத்தேன். எடுத்துக்கொண்டு கோகிலா குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து யாருக்கோ பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே மூட்டை கொண்டுவந்து போடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம் நாங்கள் இரண்டு பேரும் இப்போது பிசிர்தான் வெட்டுகிறோம். இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வழியில் நினைத்து வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். குழந்தை பக்கத்தில் பாயில் கிடந்து காலை உதைத்தது. இடுப்பில் ஒரு கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தாள்.

வாங்க என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பேச்சில் அக்கா வரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீ பார்த்தாய் என்று நான் சொன்னது உன்னைக் காப்பாற்ற என்றேன். அப்படிச் சொல்லும்போதே அது பாதிதான் என்று தெரிந்தது. கோகிலா வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"நீங்க சொல்லப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நானும் கூட வந்திருப்பேன்ல."

கவுனை எடுத்து நீட்டினேன்.

வாங்கினாள். குழந்தைக்குப் போடுவாள் என்று நானே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போடவில்லை. கவுனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கழுத்தில் ஆரம்பித்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் தையலைப் பிடித்து, அழுத்தி, நகர்த்தி, அழுத்தி, நகர்த்தி வந்தாள். தோள், கை, அக்குள், இடுப்புச் சுருக்கம். சுருக்கத்தில் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து விரலை உள்ளே விட்டாள். அவசரமே இல்லை. பக்கத்தில் மூட்டை அப்படியே கிடந்தது.

குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துச் சலித்து, மடியிலேயே தூங்கிவிட்டது.

கீழ்விளிம்பு முடிந்தது. கோகிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கவுனைத் திருப்பி, மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

நான் உட்கார்ந்திருந்தேன்.